பிரஷர் சென்சார் வாங்கும் முன் குழாயைத் திறந்து வைத்து ஓர் எண்ணைப் பாருங்கள்

ஊட்டியில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். போன கல்வியாண்டில் எங்கள் துறைக்குக் கணினியோடு இணைக்கும் வாயு அழுத்த சென்சார் ஆறு வாங்கினோம். ஒன்று 14,800 ரூபாய், ஆறும் சேர்த்து 88,800. ஆறில் ஒன்றுகூட நாங்கள் கேட்ட பொருள் அல்ல. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஏழு வாரம் ஆனது. அந்த ஏழு வாரமும் பிழை மாணவர்கள் கையில்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பணம் போனதைவிட அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. பல கல்லூரிகளில் இப்போது லேப் சாமான் பட்டியல் போடும் நேரம். அதனால்தான் நடந்ததை விவரமாக எழுதுகிறேன்.

காற்றை அமுக்கிப் பருமனைக் குறைத்தால் அழுத்தம் எப்படி ஏறும் என்று சொல்லும் பாயில் விதிக்கு எங்களிடம் இருந்தது பழைய பாதரசக் குழாய். உடைந்தால் தரையெல்லாம் பாதரசம், அதைப் பொறுக்கி எடுக்கும் வேலை வேறு. அதை ஒழித்துவிட வேண்டும் என்பது பல வருட ஆசை. ஒரு சிரிஞ்ச், ஒரு சென்சார், ஒரு கணினி இருந்தால் பத்து நிமிடத்தில் முடிகிற சோதனை அது. வேதியியல் துறையினர் ஹைட்ரஜன் பெராக்சைடு சிதைவதைப் பார்க்கக் கேட்டார்கள், தாவரவியலில் ஈஸ்ட் நொதிக்கும்போது வாயு எவ்வளவு வருகிறது என்று பார்க்கக் கேட்டார்கள். மூன்று துறையும் சேர்ந்து எழுதிய தேவை இவ்வளவுதான்: 250 கிலோபாஸ்கல் வரை போதும், அப்சொல்யூட் வகை வேண்டும், யூஎஸ்பி இணைப்பு, அளவுகளை அட்டவணையாகச் சேமிக்க வர வேண்டும்.

அப்சொல்யூட் என்று ஏன் அழுத்திக் கேட்டோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஏமாற்று நடந்தது அங்கேதான். அழுத்த சென்சாரில் அப்சொல்யூட், கேஜ் என்று இரண்டு வகை உண்டு. அப்சொல்யூட் வகை வெற்றிடத்தைச் சுழியாக வைத்து அளக்கும். கேஜ் வகை அறையிலுள்ள காற்றழுத்தத்தைச் சுழியாக வைத்து, அதற்கு மேல் எவ்வளவு என்று மட்டும் சொல்லும். டயருக்குக் காற்றடிக்கும் இடத்தில் கேஜ் சரி. பாயில் விதியிலும், வெப்பநிலை ஏற ஏற அழுத்தம் ஏறும் சோதனையிலும் அப்சொல்யூட் இல்லாமல் கணக்கே நிற்காது.

மூன்று கொட்டேஷன் வாங்கினோம். அதில் நாங்கள் வாங்கிய விற்பனையாளரின் கையேட்டில் '0 முதல் 700 கிலோபாஸ்கல், அப்சொல்யூட், 0.1 சதவீதத் துல்லியம்' என்று அச்சிட்டிருந்தது. கோவையில் அவர்கள் அலுவலகத்துக்கே போய் டெமோ பார்த்தேன். குழாயைத் திறந்து வைத்திருந்தார்கள், திரையில் 101.30 என்று வந்தது. "பாருங்க மேடம், கரெக்டா ஒரு அட்மாஸ்பியர்" என்றார் விற்பவர். நானும் சரி என்றேன். கோவை கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 411 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே 96, 97 என்று காட்டியிருக்க வேண்டும். 101.3 என்பது எல்லாப் பாடப்புத்தகத்திலும் பார்த்துப் பழகிய எண், அதனால் கண் அங்கே நிற்கவில்லை. நின்றிருந்தால் அன்றைக்கே எழுந்து வந்திருப்பேன்.

சென்சார்கள் வந்தன, ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏற்றினோம், பில்லும் பாஸ் ஆகிவிட்டது. முதல் பேட்ச் மாணவர்கள் சோதனை செய்தார்கள். சிரிஞ்சில் 10 மி.லி. காற்றோடு ஆரம்பித்தால் திரையில் 101, பெருக்கினால் 1010. பிஸ்டனை 8 மி.லி.க்குத் தள்ளினால் 118, பெருக்கினால் 944. 5 மி.லி.யில் 166, பெருக்கினால் 830. அழுத்தத்தையும் பருமனையும் பெருக்கினால் மாறாமல் நிற்க வேண்டும் என்பதுதான் விதி. இங்கே தள்ளத் தள்ள இறங்கிக்கொண்டே போனது.

காற்று கசிகிறது என்றுதான் யாரும் முதலில் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். டெஃப்லான் டேப் சுற்றினோம், பிஸ்டனுக்குக் கிரீஸ் தடவினோம், எங்கள் லேப் அட்டெண்டர் அண்ணன் எல்லா டியூபையும் புதிதாக மாற்றினார். எண்கள் மாறவில்லை. மாணவர்களின் ரெக்கார்டு நோட்டில் 'லீக் சரிபார்க்கவும்' என்று சிவப்பு மையில் எழுதி மதிப்பெண் குறைத்தேன்.

மூன்றாவது பேட்சில் ஒரு மாணவி கேட்டாள்: "மேம், லீக்னா பிஸ்டனை அமுக்கிப் பிடிச்சிட்டே இருந்தா எண் இறங்கிட்டே போகணும்ல? இது ஒரு நிமிஷம் பிடிச்சாலும் அப்படியே நிக்குது. திரும்ப 10க்கு வந்தா மறுபடி 101தான் காட்டுது." அவள் சொன்னது முழுக்கச் சரி. கசிந்திருந்தால் திரும்பி வரும்போது ஆரம்பித்ததைவிடக் குறைவாகக் காட்ட வேண்டும். (வேகமாகத் தள்ளினால் காற்று சூடாகி எண் கொஞ்சம் ஏறி, சில நொடியில் இறங்கி நிற்கும். அதைக் கசிவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.)

அடுத்து டியூபுக்குள் இருக்கும் காற்றைச் சந்தேகித்தேன். சிரிஞ்சின் கோடு 5 என்று சொன்னாலும் டியூபில் இருக்கும் காற்றும் சேர்ந்துதான் அமுங்குகிறது. டியூபில் தண்ணீர் நிரப்பி எடை போட்டோம், ஏறத்தாழ ஒரு மி.லி. வந்தது. அதைக் கூட்டிப் பார்த்தோம். இறக்கம் குறைந்தது, ஆனால் போகவில்லை.

பிறகு அதே மாணவி பிஸ்டனை உள்ளே தள்ளாமல் வெளியே இழுத்துப் பார்த்தாள். எண் கொஞ்சம் இறங்கி, அதற்குப் பிறகு எவ்வளவு இழுத்தாலும் அசையவில்லை. அறையின் காற்றழுத்தத்துக்குக் கீழே போனால் அளக்காதது கேஜ் வகை. அப்போதுதான் எனக்குச் சுரீரென்றது. லேபின் மூலையில் காற்றழுத்தம் காட்டும் பழைய ஃபோர்டின் பாரோமீட்டர் தொங்குகிறது. போய்ப் பார்த்தேன். பாதரசம் 58 சென்டிமீட்டரில் நின்றது. அது 77 கிலோபாஸ்கல். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், அங்கே அப்படித்தான் இருக்கும். பக்கத்து மேசையில் திறந்து கிடந்த சென்சார் 101.30 என்று காட்டிக்கொண்டிருந்தது. ஊட்டியில் எந்த நாளும் அந்த எண் வராது.

அன்று மாலை ஒரு பெட்டியின் திருகுகளைக் கழற்றினேன். உள்ளே இருந்த சில்லில் எம்பிஎக்ஸ்5700ஜிபி என்று எழுதியிருந்தது. இதே வரிசையில் கடைசி எழுத்துகள் ஏபி என்றால் அப்சொல்யூட், ஜிபி என்றால் கேஜ். சில்லின் மேல் எந்தத் தப்பும் இல்லை, அது தன் வேலையைச் சரியாகச் செய்கிற சில்லு. கேஜ் சில்லைப் போட்டு, மென்பொருளில் 101.3 என்ற மாறாத எண்ணைக் கூட்டி, பெட்டியின் மேல் 'அப்சொல்யூட்' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். கடலோரத்தில் சோதித்தால் கிட்டத்தட்ட சரியாகவே தெரியும், மலையில் வந்துதான் மாட்டியது.

மல்டிமீட்டர் இருந்தால் இதை ஒரு நிமிடத்தில் பிடிக்கலாம். இந்த வரிசைச் சில்லுக்கு 5 வோல்ட் கொடுத்துக் குழாயைத் திறந்து வைத்தால், கேஜ் வகை 0.2 வோல்ட் தரும். அப்சொல்யூட் வகை சென்னையில் 0.85 வோல்ட் அளவிலும் ஊட்டியில் 0.70 வோல்ட் அளவிலும் தரும். நான் திறந்த பெட்டியில் 0.2தான்.

திறந்த பிறகு மற்றவையும் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. '0.1 சதவீதத் துல்லியம்' என்றார்களே, அந்தச் சில்லைச் செய்தவர்களே கொடுக்கும் துல்லியம் முழு அளவில் இரண்டரை சதவீதம். 700இல் இரண்டரை சதவீதம் என்றால் 17.5 கிலோபாஸ்கல். ஈஸ்ட் சோதனையில் மொத்த ஏற்றமே சில கிலோபாஸ்கல்தான். 'முழு அளவில் இவ்வளவு சதவீதம்' என்பதற்கும் 'காட்டும் எண்ணில் இவ்வளவு சதவீதம்' என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தேவைக்கு மேல் பெரிய எல்லை உள்ள சென்சார் நல்லது என்று நினைக்காதீர்கள், பிழையும் அதோடு சேர்ந்து பெரிதாகும்.

திரையில் இரண்டு தசம இலக்கம் வந்ததும் வெறும் தோற்றம்தான். பிஸ்டனை மெல்ல மெல்ல நகர்த்திப் பார்த்தால் 101.30, 102.06, 102.82 என்று எண் தாவித் தாவித்தான் போனது. உள்ளே இருந்தது வோல்ட்டை எண்ணாக்கும் 10 பிட் கருவி. 5 வோல்ட்டை 1,024 படியாக வெட்டினால் ஒரு படி ஏறத்தாழ 0.76 கிலோபாஸ்கல், அதற்கு நடுவில் எதுவும் அதற்குத் தெரியாது. வாங்கும் முன் பிஸ்டனை மிக மெதுவாக நகர்த்தி, எண் எவ்வளவு எவ்வளவாக மாறுகிறது என்று பாருங்கள். கையேடு சொல்லாததை அது சொல்லிவிடும்.

கேலிபரேஷன் சான்றிதழ் என்று ஆறு தாள் வந்திருந்தது. ஆறிலும் ஒரே எண்கள், ஒரே தேதி. எந்தத் தாளிலும் பெட்டியின் வரிசை எண் இல்லை. எந்த ஆய்வகம் சோதித்தது என்பதும் இல்லை. ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியாக, அதன் வரிசை எண்ணோடும் அளவீட்டில் எவ்வளவு ஐயம் என்ற கணக்கோடும் இருந்தால்தான் அது சான்றிதழ்.

மென்பொருளின் கதை இன்னும் மோசம். விண்டோஸில் மட்டும் ஓடும், ஒரு கணினிக்கு ஒரு சாவி. லேபில் ஒரு கணினி பழுதாகி மாற்றினோம், புதுச் சாவிக்குப் பணம் கேட்டார்கள். அளவுகளைப் படமாக மட்டும்தான் சேமிக்கும், அட்டவணையாக வராது. டெமோவில் 'சேவ்' பட்டனை அழுத்திக் காட்டினார்கள், அந்தக் கோப்பைத் திறந்து காட்டச் சொல்லி நான் கேட்கவில்லை. நீங்கள் கட்டாயம் கேளுங்கள். உங்கள் லேப்டாப்பைக் கொண்டுபோய், அதில் நிறுவி, சேமித்து, விரிதாளில் திறந்து பார்த்துவிட்டு வாருங்கள்.

விற்றவரிடம் போனில் பேசினேன். "கேஜோட அட்மாஸ்பியரைக் கூட்டினா அப்சொல்யூட்தானே மேடம்" என்றார். அந்த இடத்தின் அன்றைய காற்றழுத்தத்தைக் கூட்டினால்தான் அப்சொல்யூட், உங்கள் பெட்டியில் பாரோமீட்டர் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். "இதுவரைக்கும் யாரும் கம்ப்ளெய்ன்ட் பண்ணதில்லை மேடம்" என்றார். அடுத்த முறை, பெட்டியைத் திறந்துவிட்டீர்கள், வாரண்டி போய்விட்டது என்றார். மீதி ஐந்தைத் திறக்கவில்லையே என்றதும் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். கொட்டேஷன், கையேடு, பாரோமீட்டருக்குப் பக்கத்தில் சென்சாரை வைத்து எடுத்த படம் எல்லாவற்றையும் சேர்த்துக் கல்லூரி முத்திரையோடு பதிவுத் தபால் அனுப்பினோம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இலும் பதிந்தோம். அதற்குப் பிறகு இரண்டு பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு அதற்கான பணத்தைக் கொடுத்தார்கள். நான்கு இன்னும் எங்களிடம்தான் இருக்கின்றன, பேச்சு நடக்கிறது.

கையேட்டில் உள்ளதை அப்படியே பர்ச்சேஸ் ஆர்டரில் எழுதாமல் விட்டது எங்கள் பக்கத்துப் பிழை. 'வாயு அழுத்த சென்சார், யூஎஸ்பி, 6 எண்ணம்' என்று மட்டும் எழுதியிருந்தோம். அப்சொல்யூட், எல்லை, துல்லியம் எந்த முறையில், உள்ளே இருக்கும் சில்லின் முழுப் பெயர், கோப்பு எந்த வடிவில் சேமிக்கும் என்பதெல்லாம் ஆர்டரிலேயே இருந்திருந்தால் ஆறையும் அவர்கள் திரும்ப எடுத்தே ஆகியிருக்கும். பணத்தில் ஒரு பங்கை நம் ஊரில் சோதித்த பிறகுதான் தருவோம் என்று எழுதுவதும் நல்லது.

அந்த நான்கு பெட்டியையும் சும்மா போடவில்லை. அவர்களுடைய மென்பொருளை விட்டுவிட்டு யூஎஸ்பி வழியாக வரும் எண்களை நேராகப் படிக்க மாணவர்களே ஒரு சின்ன பைதான் நிரல் எழுதினார்கள். முதலில் ஃபோர்டின் பாரோமீட்டரைப் படித்து, அன்றைய எண்ணை நிரலில் கொடுத்துவிட்டுத்தான் பிஸ்டனைத் தொடுகிறார்கள். டியூபின் ஒரு மி.லி.யையும் சேர்த்தால் பெருக்குத்தொகை இப்போது கிட்டத்தட்ட மாறாமல் நிற்கிறது. ஈஸ்ட் சோதனைக்கு இவை உதவாது, அதற்கு வேறு வாங்க வேண்டும். இந்தச் சில்லு உலர்ந்த காற்றுக்கு என்று செய்தது, ஈரம் உள்ளே போகக் கூடாது.

மதிப்பெண் குறைத்திருந்த 32 ரெக்கார்டு நோட்டுகளையும் திரும்ப வாங்கினேன். 'லீக் சரிபார்க்கவும்' என்று எழுதியிருந்ததை ஒவ்வொன்றிலும் அடித்துவிட்டு, 'கருவியில் பிழை, மாணவர் அளவீடு சரி' என்று எழுதிக் கையெழுத்திட்டு, மதிப்பெண்ணைத் திருத்திக் கொடுத்தேன்.