விந்தணு குறைவு என்று போய் 46,500 ரூபாயை இழந்தேன்: ஆண்கள் கவனத்திற்கு

நேற்று மாலை பாலக்காட்டில் மருத்துவரின் அறையைவிட்டு வெளியே வந்ததிலிருந்து எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை; அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன்.

நாங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம். திருமணமாகி 4 ஆண்டுகள் ஆகியும் குழந்தை இல்லை. மனைவிக்கு எல்லாப் பரிசோதனையும் முடிந்து குறையில்லை என்றான பிறகுதான் நான் விந்துப் பரிசோதனைக்கே சம்மதித்தேன் (அது என் வெட்கக்கேடு). மில்லிலிட்டருக்கு 1.2 கோடி அணுக்கள் என்று வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டுக் கையேடு சொல்லும் கீழ் வரம்பு 1.6 கோடி.

இதையெல்லாம் மலையாளத்தில் எப்படி வாய்விட்டுச் சொல்வது என்று கூசித்தான், எல்லையிலுள்ள கோபாலபுரம் தாண்டி, தமிழ்நாட்டுப் பக்கம் மருந்துக்கடை மாடியில் நடக்கும் ஓர் ‘ஆண்கள் நல மைய’த்துக்குப் போனேன். அங்கிருந்தவர் கதவைச் சாத்தி, தண்ணீர் கொடுத்து, “தம்பி, இது நமக்குள்ளேயே இருக்கட்டும், அஞ்சே மாசத்துல நல்ல சேதி சொல்வீங்க” என்றார். அந்தத் ‘தம்பி’யில் விழுந்துவிட்டேன். அவர் என்னைத் தொட்டுப் பார்க்கவில்லை, இரண்டாம் பரிசோதனை கேட்கவில்லை என்பது அப்போது உறைக்கவே இல்லை.

இரண்டு வாரத்துக்கு ஒன்றாகப் பத்து ஊசிகள், ஒரு டப்பா சூரணம், மொத்தம் 46,500 ரூபாய். எண்ணெய் மருந்து என்பதால் நர்ஸ் குப்பியை உள்ளங்கைகளுக்கிடையில் உருட்டிச் சூடாக்கிப் போடுவார். கடைசி ஊசியை மட்டும் ஊரிலேயே போட்டுக்கொள்ளச் சொல்லிக் கையில் கொடுத்தார்கள். உடம்பில் தெம்பு கூடியது உண்மை. ஆனால் ஐந்து மாதம் கழித்து எடுத்த பரிசோதனையில் ஓர் அணுகூட இல்லை.

பாலக்காட்டுச் சிறுநீரியல் (யூராலஜி) மருத்துவர், பாதி சுரண்டப்பட்ட அந்தக் குப்பியின் லேபிளைப் பார்த்தவுடன் “டெஸ்டோஸ்டிரோன்” என்றார். இந்த ஆண் ஹார்மோன் வெளியிலிருந்து உடம்புக்குள் வந்தால், பிட்யூட்டரி சுரப்பி விரைகளைத் தூண்டும் எல்.எச்., எஃப்.எஸ்.எச். ஹார்மோன்களை அனுப்புவதைக் குறைத்துக்கொள்ள, விந்தணு உற்பத்தியே நின்றுபோகுமாம். குழந்தை வேண்டும் என்று வந்தவனுக்கு இதைப் போட்டிருக்கிறார்கள்! நிற்க வைத்து இரண்டு நிமிடம் தொட்டுப் பார்த்ததிலேயே இடப்பக்க விரைக்கு மேலே இரத்த நாளங்கள் புடைத்துச் சுருண்டிருப்பது (வேரிகோசில்) அவருக்குத் தெரிந்தது. ஊசியை நிறுத்தினால் பெரும்பாலும் உற்பத்தி திரும்பிவிடும், ஆனால் மாதக்கணக்கில் ஆகும், அறுவை சிகிச்சையைப் பிறகு முடிவு செய்யலாம் என்றார்.

மையத்துக்கு ஃபோன் செய்தால் “சார் கேம்ப் போயிருக்கார்” என்றார்கள். நேரில் போனேன், “உங்க உடம்பு வாகு அப்படி, அடுத்த கோர்ஸ் எடுங்க” என்றார்கள். 46,500 ரூபாய்க்கு ரசீது கேட்டால் ‘ஆலோசனைக் கட்டணம் 300’ என்று ஒரு துண்டுச் சீட்டு. இப்போது என் எண்ணையே பிளாக் செய்துவிட்டார்கள்.

விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. ஒரே பரிசோதனையை நம்பாதீர்கள்; 2 முதல் 7 நாள் விந்து வெளியேறாமல் இருந்து இன்னொரு முறை மாதிரி கொடுங்கள். தொட்டுப் பார்க்காதவரிடம் மருந்து வாங்காதீர்கள். ஊசியின் பெயரைக் கேட்டு எழுதி வாங்குங்கள். குப்பியைத் தூக்கி எறியாதீர்கள்.