ஜாவாவின் ப்ரொவைடர் வகுப்பு: எட்டு வருஷம் அதோடு மல்லுக்கட்டியவனின் ரிவ்யூ

போன மாதம் டீமில் ஒரு பையன் என் சீட்டுக்கு வந்து, "அண்ணா, என் லேப்டாப்ல ஓடுது, சர்வர்ல போட்டா அப்படி ஒரு அல்காரிதமே இல்லேங்குது" என்றான். எட்டிப் பார்த்தால் அதே பழைய கதை. சைஃபர் (டேட்டாவை என்கிரிப்ட் செய்யும் கருவி) கேட்கும் வரியில் ஏஇஎஸ் என்ற அல்காரிதம், சிபிசி என்ற அதை ஓட்டும் முறை, அதற்குப் பின்னால் 'பிகேசிஎஸ்7 பேடிங்' (கடைசி பிளாக்கில் குறையும் பைட்டுகளை நிரப்பும் முறை) என்று எழுதியிருந்தான். அவன் மெஷினில் பௌன்சி காஸில் என்ற வெளி ப்ரொவைடர் (இந்த வேலைகளை உண்மையில் செய்து தரும் லைப்ரரி) ரெஜிஸ்டர் ஆகியிருந்தது, அதற்கு அந்தப் பெயர் தெரியும். சர்வரில் ஜாவாவோடு கூடவே வரும் சன்ஜேசிஇ என்ற ப்ரொவைடர் மட்டும்தான், அதை 'பிகேசிஎஸ்5' என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்க்கும். (பிகேசிஎஸ்5 பேடிங் 8 பைட் பிளாக்குக்கு எழுதப்பட்டது, ஏஇஎஸ் பிளாக்கோ 16 பைட், ஆக உள்ளே நடப்பது 7-தான், பெயர்ப்பலகைதான் தப்பு. அதை இனி யாரும் மாற்றப்போவதில்லை.) 7-ஐ 5 ஆக்கினோம், ஓடியது.

"இப்ப யாருதான் என்கிரிப்ட் பண்றாங்க?" என்று அவன் கேட்டான். நல்ல கேள்வி. இந்த ரிவ்யூவே அதைப் பற்றித்தான்.

முதலில் பிடித்தது. ஜாவாவில் ஹாஷ் (டேட்டாவின் கைரேகை மாதிரி ஒரு சுருக்கம்), சைஃபர், டிஜிட்டல் கையொப்பம் எதையும் நாம் நியூ போட்டு உருவாக்குவதில்லை. கெட்இன்ஸ்டன்ஸ் என்று கூப்பிட்டு, "எனக்கு எஸ்எச்ஏ-256 ஹாஷ் வேண்டும்" என்று பெயரை மட்டும் சொல்கிறோம். பின்னால் ப்ரொவைடர்கள் வரிசையாக நிற்கிறார்கள், அந்த வரிசை ஜாவா.செக்யூரிட்டி என்ற ஃபைலில் 1, 2, 3 என்று எண் போட்டு எழுதியிருக்கிறது, எந்த ப்ரொவைடர் முதலில் "என்னிடம் இருக்கிறது" என்கிறதோ வேலை அதற்குப் போகும். ஒவ்வொரு ப்ரொவைடரையும் குறிக்கும் ஆப்ஜெக்ட்தான் ப்ரொவைடர் என்ற வகுப்பு. 1997-ல், ஜாவா 1.1-ல் வந்த ஏற்பாடு இது. 2025-ல் ஜாவா 24 குவாண்டம் கம்ப்யூட்டருக்குத் தாங்கும் எம்எல்-டிஎஸ்ஏ கையொப்பத்தைக் கொண்டுவந்தபோதும், அது அதே பழைய சிக்னேச்சர் வகுப்பின் வழியாக, அதே கெட்இன்ஸ்டன்ஸுக்குள்தான் வந்தது. இவ்வளவு வருஷம் ஒரு வாசல் தாக்குப்பிடித்திருக்கிறது என்றால் போட்டவர்களுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

இதன் அருமை எனக்கு உண்மையில் புரிந்தது டிஎஸ்சி (டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழ்) டோக்கனோடு வேலை செய்தபோதுதான். டெண்டர் போடுகிறவர்கள், ஆடிட்டர்கள் கையில் இருக்குமே, யூஎஸ்பி குச்சி, அதுதான். அதிலிருக்கும் பிரைவேட் கீ (கையொப்பம் போடும் ரகசியச் சாவி) வெளியே வராது, கையொப்பம் குச்சிக்குள்ளேயேதான் நடக்கும். மூன்றே வரியில் ஒரு கான்ஃபிக் ஃபைல் எழுதினேன்: ஒரு பெயர், டோக்கன் கம்பெனி தரும் லைப்ரரி எங்கே இருக்கிறது, எந்த ஸ்லாட் (டோக்கன் செருகியிருக்கும் இடம்). அதை சன்பிகேசிஎஸ்11 என்ற, டோக்கனோடு பேசும் ப்ரொவைடருக்குக் கொடுத்து ரெஜிஸ்டர் செய்ததும், ஏற்கெனவே ஃபைலில் இருந்த கீயை வைத்து எழுதிய கையொப்பக் கோடு ஒரு எழுத்துகூட மாறாமல் டோக்கனில் ஓடியது. எப்படி என்றால், கையொப்பம் மாதிரி கீ வேண்டிய வேலைக்கு ப்ரொவைடர் பெயர் சொல்லாமல் கேட்டால் ஜாவா அந்த இடத்தில் யாரையும் முடிவு செய்வதில்லை. நீங்கள் இனிட்சைன் என்ற மெத்தடைக் கூப்பிட்டு கீயைக் கையில் கொடுக்கும்வரை காத்திருந்து, "இந்தக் கீ உனக்கு ஒத்துவருமா?" என்று வரிசையில் ஒவ்வொருவராகக் கேட்டுவிட்டுத்தான் ஒப்படைக்கும். அந்தச் சமயம் யாராவது புத்திசாலித்தனமாக ப்ரொவைடர் பெயரைக் கோடில் அடித்து வைத்திருந்தால் போச்சு, செல்லாத கீ என்று கத்தும்.

சரி, இனி புலம்பல்.

இந்த ப்ரொவைடர் வகுப்பு ப்ராப்பர்ட்டீஸ் என்ற வகுப்பை எக்ஸ்டெண்ட் செய்கிறது. அதாவது ஒரு ப்ரொவைடர் என்பது, அடிப்படையில், ஒரு ஹாஷ்டேபிள், பெயரும் மதிப்பும் ஜோடி ஜோடியாக இருக்கும் பட்டியல்! இடது பக்கம் 'மெசேஜ்டைஜஸ்ட்.எஸ்எச்ஏ-256' என்று ஒரு ஸ்ட்ரிங், வலது பக்கம் அதைச் செய்யும் வகுப்பின் பெயர், அதுவும் ஸ்ட்ரிங். ஒரு எழுத்து தப்பினாலும் கம்பைலர் கண்டுகொள்ளாது, ராத்திரி ப்ரொடக்ஷனில்தான் தெரியும். ஜாவா 5-ல் சர்வீஸ் என்று ஒரு உள்வகுப்பு கொடுத்து கொஞ்சம் சரிசெய்தார்கள், ஆனால் பழைய ஹாஷ்டேபிள் இன்னும் அடியில் அப்படியே கிடக்கிறது. இதைவிடக் கூத்து, ப்ரொவைடரின் வெர்ஷன் எண்ணை டபுளாக (தசம எண்ணாக) வைத்தது. டபுளில் 1.10-உம் 1.1-உம் ஒன்றுதானே? ஜாவா 9-ல்தான் வெர்ஷனை ஸ்ட்ரிங்காகக் கொடுக்கும் கன்ஸ்ட்ரக்டர் வந்தது.

அப்புறம் அந்த வரிசை. இன்சர்ட்ப்ரொவைடர்அட் என்ற மெத்தடில் இடம் 1-லிருந்து தொடங்குகிறது. அரேப் பழக்கத்தில் 0 கொடுத்தால் முதலில் போய் உட்காரும் என்று நினைப்பீர்கள், எரரும் வராது, சத்தமில்லாமல் வரிசையின் கடைசியில் போய் நிற்கும். நான் அரை நாள் அதில் தொலைத்திருக்கிறேன். இன்னொன்று, இந்த வரிசை மொத்த ஜேவிஎம்முக்கும் (ஓடிக்கொண்டிருக்கும் ஜாவா முழுவதற்கும்) பொது. எங்கேயோ ஒரு லைப்ரரி தன் ப்ரொவைடரை 1-ஆம் இடத்தில் செருகினால், சம்பந்தமே இல்லாத உங்கள் கோடில் செக்யூர்ரேண்டமை (யூகிக்க முடியாத ரேண்டம் எண் தரும் வகுப்பை) நியூ போடும்போது எண்கள் அங்கிருந்து வர ஆரம்பிக்கும். சொல்லிக்கொண்டு வருவதில்லை.

மறக்க முடியாத ராத்திரி ஒன்று உண்டு. எல்லா ஜாரையும் (ஜாவா கோடின் பொட்டலங்கள்) ஒரே ஃபேட் ஜாராகக் கட்டி ஒரு கிளையன்ட்டுக்கு அனுப்பினோம். எங்களிடம் இருந்த ஜாவா ஓப்பன்ஜேடிகே, பிரச்சினையே இல்லை. அங்கே ஆரக்கிள் ஜேடிகே 8. அது சைஃபர் தருகிற ப்ரொவைடரின் ஜாரில் டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறதா என்று சோதிக்கும், நாங்களோ ஜாரைப் பிரித்துக் கலந்து கட்டியதில் பௌன்சி காஸிலின் கையொப்பத்தைத் தூக்கியெறிந்திருந்தோம். "பிசி என்ற ப்ரொவைடரை நம்ப முடியவில்லை" (பிசி என்றால் பௌன்சி காஸில்) என்ற ஒரே எரர், விடிய விடிய. கடைசியில் அந்த ஒரு ஜாரை மட்டும் பிரிக்காமல் பக்கத்தில் தனியாக வைத்ததும் அடங்கியது. தப்பு எங்களுடையதுதான், ஆனால் அந்த எரர் மெசேஜ் 'ஜாரில் கையொப்பம் இல்லை' என்று நேரடியாகச் சொல்லியிருந்தால் ஒரு டீயோடு முடிந்திருக்கும்.

5-க்கு 3.5 கொடுப்பேன். இன்று புதிதாக எழுதுகிறவர்கள் அந்தப் பொது வரிசையைத் தொடவே தேவையில்லை. கெட்இன்ஸ்டன்ஸுக்கு ப்ரொவைடர் பெயருக்குப் பதிலாக ப்ரொவைடர் ஆப்ஜெக்ட்டையே கொடுக்கலாம், அது எங்கும் ரெஜிஸ்டர் ஆகியிருக்க வேண்டியதில்லை. (டோக்கன் மாதிரி கீயைப் பார்த்து ஆளை முடிவு செய்ய வேண்டிய இடத்தில் மட்டும் இதைச் செய்யாதீர்கள்.) அந்த ஆப்ஜெக்ட்டை ஒரு தடவை செய்து ஸ்டாட்டிக்காக வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் புதுசு புதுசாகச் செய்தால் பழைய ஜாவா, தான் சரிபார்த்த ப்ரொவைடர்களை எல்லாம் ஒரு மேப்பில் பிடித்து வைத்துக்கொண்டு விடவே விடாது, மெமரி ஏறிக்கொண்டே போகும். அப்புறம் சர்வர் ஸ்டார்ட் ஆகும்போது சைஃபரிடம் கெட்ப்ரொவைடர் என்ற மெத்தடைக் கூப்பிட்டு, யார் வேலை செய்கிறார்கள் என்று லாகில் ஒரு வரி. பையனுக்கும் அதைத்தான் சொன்னேன், அன்று சாயங்காலமே போட்டுவிட்டான்.