எதிர்சேவையை 5.1-இல் கேட்க: எஃப்எஃப்எம்பெக் பயன்படுத்திய அனுபவம்

மதுரை சித்திரைத் திருவிழாவில், அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை அன்று தல்லாகுளத்தில் அத்தை வீட்டு மாடியில் நாலு மைக் வைத்துப் பதிவு செய்தேன், இரண்டு தெருவைப் பார்த்து, இரண்டு பின்பக்கம் பார்த்து. வாசலில் உட்கார்ந்து அழகர் வர்ணிப்பு பாடிய பெரியவரிடம் கேட்டுக்கொண்டு, அவர் பக்கத்தில் போனையும் வைத்துவிட்டேன். அப்பாவுக்கு மூட்டுவலி, இந்த வருஷம் கூட்டத்துக்குள் வர முடியவில்லை. வீட்டு ஹாலில் இருக்கிற 5.1 ஸ்பீக்கர்களில் (ஐந்து ஸ்பீக்கர், அடித்த சத்தத்துக்கு ஒரு சப்வூஃபர்) அவரைச் சுற்றி அந்தச் சத்தம் கேட்க வேண்டும் என்று ஆசை.

அந்த ஸ்பீக்கர்களை இயக்கும் எங்கள் ரிசீவர் பழசு. எச்டிஎம்ஐ கிடையாது, ஆப்டிகல் கேபிள் மட்டும்தான். சுருக்காத ஒலியை அந்தக் கேபிளில் அனுப்பினால் இரண்டு சேனல்தான் போகும், ஆறும் போக வேண்டுமென்றால் ஏசி3 ஆகவோ டிடிஎஸ் ஆகவோ மாற்றித்தான் அனுப்ப வேண்டும். இரண்டும் ஒலியைச் சுருக்கும் முறைகள், ஏசி3 என்றால் டால்பி டிஜிட்டல்தான். அப்படி மாற்றித் தருவதில் எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருளை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. 2000-இல் ஃபப்ரீஸ் பெல்லார்ட் தொடங்கியது, இலவசம், யாரும் நிறுவிக்கொள்ளலாம்.

முதலில் ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் ஆறு டிராக்காக அடுக்கினேன். பெரியவர் குரல் நடுவில், மாடி மைக்குகள் முன்னும் பின்னும், மேளத்தின் அடி மட்டும் சப்வூஃபருக்கு. அதைச் சுருக்காத ஆறு சேனல் வேவ் கோப்பாக எடுத்து எஃப்எஃப்எம்பெக்கிடம் கொடுத்தேன். கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி கட்டளை: எந்தக் கோப்பு, ஏசி3 ஆக வேண்டும், பிட்ரேட் (ஒரு நொடி ஒலிக்கு ஆகும் அளவு) 640 கிலோபிட். அவ்வளவுதான். 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு மணி நேரம் 2 ஜிபிக்கு மேல் இருந்த வேவ், சுமார் 288 எம்பியாக வந்தது. 640தான் ஏசி3-யின் உச்சம். டிவிடியில் எழுதப்போகிறீர்கள் என்றால் 448-க்கு மேல் போகாதீர்கள்.

கவனிக்க வேண்டியது சேனல் வரிசை. வேவ் கோப்பில் முன் இடது, முன் வலது, நடு, சப்வூஃபர், பின் இடது, பின் வலது என்றுதான் இருக்க வேண்டும். நான் இடது, நடு, வலது, பின் இரண்டு, கடைசியில் சப்வூஃபர் என்று அடுக்கியிருந்தேன். நல்லவேளை, திருவிழாப் பதிவை ஏசி3 ஆக்குமுன் என் குரலிலேயே "நடு", "பின் இடது" என்று ஒவ்வொரு சேனலிலும் சொல்லிச் சோதித்துப் பார்த்தேன். "நடு" வலது ஸ்பீக்கரில் கேட்டது, "பின் இடது" சப்வூஃபரில் வெறும் உறுமலாகப் போனது. வரிசையைத் திருத்தியதும் எல்லாம் அதனதன் இடத்துக்கு வந்துவிட்டது, ஏசி3-க்குள் இருக்கிற வேறு வரிசைக்கு எஃப்எஃப்எம்பெக்கே மாற்றிக்கொள்கிறது. இந்தச் சோதனைக் கோப்பைத் தயவுசெய்து எல்லோரும் செய்துகொள்ளுங்கள், பத்து நிமிஷ வேலை.

இன்னொன்று, கணினியில் ஓடவிடும் விஎல்சி பிளேயரில் எஸ்பிடிஐஎஃப் பாஸ்த்ரூவை, அதாவது ஏசி3-ஐப் பிரிக்காமல் அப்படியே ரிசீவருக்கு அனுப்பும் வசதியை, இயக்க வேண்டும். இல்லையென்றால் கணினியே ஏசி3-ஐப் பிரித்து இரண்டு சேனலாக்கி அனுப்பிவிடும். ரிசீவரில் டால்பி டிஜிட்டல் விளக்கு எரிந்தால் சரி.

குறை என்று சொன்னால், பட்டன், விண்டோ எதுவும் கிடையாது. கட்டளை தட்டிப் பழகாதவர்களுக்கு முதல் இரண்டு நாள் கஷ்டம்தான். அப்புறம், ஸ்டீரியோ பாட்டைக் கொடுத்து 6 சேனல் என்று சொன்னால் மட்டும் சரவுண்ட் வந்துவிடாது, பதிவிலேயே பின்பக்கச் சத்தம் இருக்க வேண்டும். ஏசி3 ஒலியில் கொஞ்சத்தைக் கழித்துத்தான் சுருக்குகிறது என்பதால் மூலத்தை, எதையும் கழிக்காமல் சுருக்கும் ஃபிளாக்கில் தனியாக வைத்திருக்கிறேன், அது 8 சேனல் வரை தாங்கும். எச்டிஎம்ஐ உள்ள புது ரிசீவர் என்றால் ஏசி3-யே தேவையில்லை, ஃபிளாக்கையே ஓடவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவை சோபாவில் உட்காரவைத்து ஓடவிட்டேன். வர்ணிப்பு முன்னால், மேளம் இரண்டு பக்கமும். பின்னாலிருந்து "கோவிந்தா" என்று கூட்டம் எழுந்தபோது அப்பா திரும்பிப் பார்த்தார். முழுசும் கேட்டு முடித்துவிட்டு, "மறுபடி முதல்லேர்ந்து போடுப்பா" என்றார்.