‘நரி நுழையாது’ என்று விற்கும் முயல் கூடுகளை நம்பி வாங்காதீர்கள்

லண்டனில் ஹாரோ பக்கம் இருக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் சின்னத் தோட்டம். மகள் அங்கே வளர்த்த மல்லி, பஞ்சு என்ற இரண்டு முயல்களில் ஒன்றை இந்த ஜனவரியில் நரி கொண்டுபோய்விட்டது. நரி மேல் எனக்குக் கோபமில்லை, அது தன் பசிக்கு வந்தது. ‘நரி நுழையவே முடியாது’ என்று எழுதி எங்களுக்கு அந்தக் கூட்டை விற்றவர்கள் மேல்தான் கோபம். பிள்ளைகளுக்கு முயல் வாங்கிக் கொடுக்க யோசிப்பவர்கள் இதை ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

டிசம்பர் தொடக்கத்தில் இணையத்தில் வாங்கினோம். இரண்டு தட்டு மரக்கூடு, கீழே முயல் ஓடித் திரிய ஒரு கம்பி அடைப்பு. 189 பவுண். விளம்பரத்தில் நரித் தலை ஒன்றை வரைந்து குறுக்கே சிவப்புக் கோடு போட்டிருந்தார்கள். இருந்தாலும் மனம் கேட்காமல் தொலைபேசியில் அழைத்தேன். எங்கள் தெருவில் இருட்டினால் குப்பைத் தொட்டியடியில் நரி நிற்கும், சில நாள் பகலிலேயே வேலி மேல் நடந்து போகும் என்று விவரமாகச் சொன்னேன். “நரிக்காகவே செய்த கூடு, ஒன்றுக்கும் யோசிக்க வேண்டாம்” என்றார் பேசிய பெண்.

சாமான் வந்த அன்று அம்மாவும் வீட்டில் இருந்தார். யாழ்ப்பாணத்தில் வருடக் கணக்காகக் கோழி வளர்த்தவர். வலையை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, “இதென்ன பிள்ளை, மரநாயே பிய்த்துப்போடுமே” என்றார். “இங்கே சோதித்துப் பார்த்துத்தான் அம்மா விற்பார்கள்” என்று சொல்லிவிட்டேன். அந்த வார்த்தையை இன்றைக்கும் நினைத்து வருந்துகிறேன்.

ஜனவரி மூன்றாம் கிழமை, விடிய நாலரை மணி இருக்கும். மரம் அடிபடுகிற சத்தம். முயல் பயந்தால் பின்னங்காலால் தரையில் உதைக்கும், அந்தச் சத்தமும் கேட்டது. நாங்கள் கீழே இறங்கி விளக்கைப் போடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அடைப்பின் ஒரு மூலையில் வலை பிய்ந்து வெளிப்பக்கம் மடிந்து கிடந்தது. மல்லி இல்லை. பஞ்சு மேல்தட்டுப் பெட்டியின் மூலையில் ஒடுங்கியிருந்தது. உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. அப்பாடா என்று நினைத்தோம்.

ஆனால் காலையில் புல்லைத் தொடவில்லை, மத்தியானமும் தொடவில்லை. மிருக வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். முயலின் குடல் எப்போதும் வேலை செய்துகொண்டே இருக்க வேண்டுமாம். பயத்தில் அது நின்றுபோனால், நரி தொடாமலே முயல் செத்துவிடும் என்றார். 12 மணி நேரம் ஒன்றும் சாப்பிடாத முயலை அவசர நோயாளியாகத்தான் பார்க்க வேண்டுமாம். மருந்து தந்தார். இரண்டு இரவு மகளும் நானும் மாறி மாறி ஊசி இல்லாத சிரிஞ்சில் கூழ் புகட்டினோம். பஞ்சு பிழைத்தது. ஆகவே கூடு உடையவில்லை, நரி உள்ளே வரவில்லை என்று யாராவது ஆறுதல் சொன்னால் அதோடு இருந்துவிடாதீர்கள். முயல் சாப்பிடுகிறதா, புழுக்கை போடுகிறதா என்று பாருங்கள்.

அந்த வலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அறுகோணக் கண் உள்ள மெல்லிய கோழி வலை அது. கோழி வெளியே போகாமல் மறிக்கும், நரியின் பல்லுக்குத் தாங்காது. அதையும் மரச் சட்டத்தில் சின்னச் சின்ன ஸ்டேப்பிள் ஊசியால்தான் அடித்திருந்தார்கள், ஒரு இழுப்பில் வரிசையாகக் கழன்றிருந்தது. தேவையானது பற்றவைத்த சதுரக் கண் வலை. கம்பி 16 கேஜ், அதாவது ஏறக்குறைய 1.6 மில்லிமீட்டர் தடிப்பு. கேஜ் எண் கூடக்கூடக் கம்பி மெலியும், இதைத் தெரியாமல் 22 என்றால் பலம் என்று நினைத்துவிடுகிறோம். கண் ஒரு அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது, அரை அங்குலமென்றால் எலியும் வராது. விற்பவரிடம் கேஜ் எண்ணைக் கேளுங்கள். எங்களுக்கு “கல்வனைஸ் செய்த உறுதியான கம்பி” என்றுதான் பதில் வந்தது. அது துருப்பிடிக்காது என்பதற்குத்தான் உத்தரவாதம். எண்ணைச் சொல்ல மாட்டேன் என்கிறவரிடம் வாங்காதீர்கள்.

கதவுகளுக்கும் தாழ்ப்பாள் இல்லை, திருகிவிடும் மரக்கட்டைதான். நரி மூக்கால் தள்ளினாலே அது திரும்பிவிடும். அடைப்புக்கு அடித்தளமும் இல்லை. மண் தோண்டுவது நரிக்குப் பெரிய வேலையே இல்லை.

அப்புறம் கடைக்காரரோடு நடந்த இழுபறி. முதல் மின்னஞ்சலுக்கு, நீங்கள் கதவைச் சரியாகப் பூட்டியிருக்க மாட்டீர்கள் என்று பதில். பூட்டிய கதவையும் பிய்ந்த மூலையையும் படம் எடுத்து அனுப்பினேன். கான்கிரீட் தரையில் வைத்தால்தான் நரி வராது, கையேட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது என்றார்கள். நரி தோண்டி வரவில்லையே, வலையைக் கிழித்துத்தானே வந்தது? அதற்குப் பதில் இல்லை. கடைசியில் 30 நாள் தாண்டிவிட்டது, அடுத்த முறை வாங்கும்போது 20 பவுண் கழிவு தருகிறோம் என்றார்கள். செத்த முயலுக்கு 20 பவுண் கழிவு. மகளிடம் இதை நான் சொல்லவே இல்லை.

30 நாள் என்பது பொருளை உடனே திருப்பிக் கொடுத்து முழுக் காசையும் வாங்கும் காலம் மட்டும்தான். அதற்குப் பிறகும் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் நம் பக்கம் இருக்கிறது. பொருள் சொன்னபடி இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்குள் வெளிப்படும் குறை வாங்கும்போதே இருந்ததாகத்தான் பொதுவாகக் கொள்ளப்படும், இல்லையென்று காட்ட வேண்டியது விற்றவர். நல்ல காலம், கிரெடிட் கார்டில் கட்டியிருந்தோம். 100 பவுணுக்கு மேல் 30,000 பவுண் வரையான பொருளுக்கு, 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி கார்டு நிறுவனமும் பொறுப்பு. அவர்களுக்கு எழுதினேன், ஏழு கிழமையில் 189 பவுணும் வந்தது. இதற்கிடையில் விளம்பரத்தில் ‘நுழையவே முடியாது’ என்பதை ‘தடுக்க உதவும்’ என்று மாற்றிவிட்டார்கள். பழைய வாசகம் ஆர்டர் மின்னஞ்சலில் இருந்ததால் தப்பினோம். வாங்கும் அன்றே விளம்பரப் பக்கத்தைப் படம் பிடித்து வையுங்கள்.

இப்போது என் கணவர் தன் கையாலேயே அடைப்புக் கட்டியிருக்கிறார். 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரம். இரண்டு முயலுக்குக் குறைந்தது அவ்வளவாவது வேண்டும் என்று இங்குள்ள முயல் நல அமைப்பான ராபிட் வெல்ஃபேர் அசோசியேஷன் சொல்கிறது. மேலேயும் 16 கேஜ் வலைதான், ஆறடி வேலியை ஏறிக் குதிக்கும் பிராணிக்குத் திறந்த கூரை விட முடியாது. சுற்றிலும் வலையை வெளிப்பக்கமாக 45 சென்டிமீட்டர் தரையோடு விரித்து மேலே சிலாப் கற்கள் வைத்தோம். கதவுக்கு மேலொன்று கீழொன்றாக இரும்புத் தாழ்ப்பாள், பூட்டு. அம்மா வந்து வலையை அழுத்திப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினார்.

பஞ்சு இரவில் இன்னும் சமையலறைக்குப் பக்கத்து அறையில்தான் படுக்கிறது. வசந்தத்தில் நரி குட்டிகளுக்கு இரை தேடி அலையும் காலம். அது கழியட்டும், பிறகு பார்ப்போம் என்று மகள் சொல்லியிருக்கிறாள்.