நகை வைக்க வெல்வெற் பெட்டியா, தூண்டில் பெட்டியா?

திருகோணமலையில் நகைப் பெட்டி தேடுபவர்கள் வழக்கமாக மத்திய வீதி, என்.சி. வீதிப் பக்கத்து பான்சி கடைகளுக்குத்தான் போவார்கள். அங்கே விற்பவற்றைவிட நல்ல பெட்டி மீன்பிடிச் சாமான் கடையில் இருக்கிறது. தூண்டில் முள்ளும் ஈயக்குண்டும் போட்டு வைப்பதற்கென்று வரும், அறை அறையாகப் பிரித்த தட்டைப் பெட்டி அது. ஒரு பக்கம் உள்துறைமுகமும் மறுபக்கம் பெருங்கடலுமாக இருக்கும் ஊரில் பெட்டியின் அழகு இரண்டாவது காரியம். உப்புக்காற்றையும் மாரிக்கால ஈரத்தையும் தாங்குமா, தானே எதையாவது கக்கி நகையைக் கறுக்கவைக்குமா என்பதுதான் முதலாவது. அந்தக் கண்ணோடு நான்கு சாமான்களைப் பார்த்தோம்: மூன்று தட்டு வெல்வெற் பெட்டி, தொங்கவிடும் நகைப் பை, தூண்டில் பெட்டி, வாயை அமுக்கி மூடும் சிப் வைத்த சிறு பொலித்தீன் பை.

எதை வாங்குவதானாலும் அதற்கு முன் இருப்பதைக் குறைத்தாக வேண்டும். குறைக்காமல் கடைக்குப் போனால் பெட்டியின் அளவே பிழைத்துவிடும். கட்டிலில் வெள்ளைத் துணி விரித்து எல்லாவற்றையும் ஒரே தடவையில் கொட்டுங்கள். நிலத்தில் வேண்டாம், தோட்டின் சுரை உருண்டால் பிறகு அகப்படாது. பவுண் நகை, வெள்ளி, முத்தும் பவளமும், கவரிங், உடைந்ததும் சோடி இல்லாததும் என்று ஐந்து குவியல் போதும். கவரிங் குவியலில் ஈவிரக்கம் வேண்டாம். முலாம் தேய்ந்து செம்பு தெரிவது, மூலைகளில் பச்சை பூத்தது, போட்டால் காது கடிப்பது, இந்த மூன்றும் வெளியே போகவேண்டியவை. காது கடிப்பதற்குப் பெரும்பாலும் முலாமுக்குக் கீழே இருக்கும் நிக்கல்தான் காரணம், எவ்வளவு கழுவினாலும் அது போகாது. பச்சை பூத்தது பக்கத்தில் கிடப்பதையும் கறைப்படுத்தும். நல்ல நிலையில் இருந்தும் போடாத நெற்றிச்சுட்டி, பெரிய அட்டியல் போன்றவற்றைப் பரதநாட்டிய வகுப்புக்குக் கொடுத்தால் அரங்கேறும் பிள்ளைகளுக்கு உதவும்.

உடைந்த பவுணில் ஒரு துணுக்கையும் எறியாதீர்கள். 0.01 கிராம் வரை காட்டும் சிறிய டிஜிட்டல் தராசு ஒன்று வாங்குங்கள், ஒழுங்குபடுத்தும் வேலையில் பெட்டியைவிடப் பயனுள்ளது அதுதான். இலங்கையில் ஒரு பவுண் 8 கிராம். அறுந்த சங்கிலித் துண்டு, ஒற்றைத் தோடு, நெளிந்த மோதிரம் எல்லாம் சேர்ந்து 3.2 கிராம் வந்தால் கையில் 0.4 பவுண் இருக்கிறது. 22 கரட் என்றால் அதில் 91.6 வீதம் தங்கம். பழைய நகையாகக் கொடுக்கும்போது கல்லின் நிறையையும் உள்ளே அடைத்த அரக்கின் நிறையையும் கழித்துத்தான் விலை போடுவார்கள். அதனால் கல் வைத்தவற்றைத் தனியாக நிறுத்து, ஒவ்வொன்றின் நிறையையும் கொப்பியில் எழுதி, தராசில் இருக்கும்போதே ஒரு படமும் எடுத்து வையுங்கள். களவு போனாலும், அடகு வைத்து மீட்கும்போதும், பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்கும்போதும் இந்தக் கொப்பி பேசும்.

இனிப் பெட்டிகள். மூன்று தட்டு வெல்வெற் பெட்டியில் உருப்படியான ஒரே பகுதி மோதிரம் செருகும் திண்டு வரிசை. மற்றதெல்லாம் கண்ணுக்குத்தான். வெளியே ரெக்சின், உள்ளே அமுக்கிய தூள் பலகை, அதன்மேல் போம், பசை, வெல்வெற். ரெக்சின் மேற்பூச்சு பொலியுரேத்தேனாக இருந்தால் ஈரப்பதத்திலேயே மெல்ல மெல்லச் சிதைந்து செதில் செதிலாக உரியும். போம் பிசுபிசுத்துப் பின்பு தூளாகும். புதுப் பெட்டியைத் திறந்ததும் அடிக்கும் பசை நாற்றம் ஒரு வாரம் வெயில் படாத காற்றில் திறந்து வைத்தும் போகாவிட்டால் வெள்ளியை அதற்குள் வைக்க வேண்டாம். பூட்டும் பெயருக்குத்தான், கொண்டை ஊசியால் திறந்துவிடலாம்.

பெட்டி வெள்ளியைக் கெடுக்குமா என்று வீட்டிலேயே பார்க்கலாம். அருங்காட்சியகங்களில் ‘ஒடி பரிசோதனை’ என்று ஒன்று செய்வார்கள். 1973 இல் லண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்து அன்ட்ரூ ஒடி கொண்டுவந்தது. காட்சிப் பெட்டியில் பாவிக்கப்போகும் பொருளை வெள்ளி, ஈயம், செம்புத் துண்டுகளோடு ஈரமாக மூடிவைத்து 60 பாகை செல்சியஸில் 28 நாள் விட்டுப் பார்ப்பார்கள். வீட்டுக்கு அவ்வளவு தேவையில்லை. நன்றாகத் துலக்கிய ஒரு சோடி மிஞ்சியில் ஒன்றை வெல்வெற் பெட்டிக்குள்ளும் மற்றதை மூடி இறுகிய சுத்தமான கண்ணாடிப் போத்தலிலும் வைத்து நான்கு கிழமை விடுங்கள். பெட்டிக்குள் இருந்தது மற்றதைவிட அதிகம் கறுத்திருந்தால் உள்துணியோ பசையோ கந்தகம் விடுகிறது. வெள்ளி கறுப்பது துரு அல்ல, கந்தகத்தோடு சேர்ந்து உண்டாகும் வெள்ளி சல்பைட். ஈரம் அதை விரைவுபடுத்தும்.

தொங்கவிடும் பையை வாங்க வேண்டாம். கண்ணாடிபோலத் தெரியும் அதன் அறைகள் மென்மையான பீவிசி. நம்முடைய வெக்கையில் அது கவரிங் முலாமோடு ஒட்டிக்கொள்ளும், காலப்போக்கில் அமில ஆவியும் விடும். அலுமாரிக் கதவில் தொங்கும்போது நூலில் கோத்த மாலைகளின் கண்ணிகளும் இழுபடும்.

தூண்டில் பெட்டிக்கு வருவோம். வழக்கமான அளவு ஏறக்குறைய 28 × 18 × 4.5 சென்ரிமீற்றர், கொள்ளளவு இரண்டு லீற்றருக்குச் சற்றுக் கூட. அடியைத் திருப்பிப் பார்த்து முக்கோணத்துக்குள் 5 என்ற இலக்கம் இருப்பதை வாங்குங்கள். அது பொலிபுரொப்பிலீன், சற்றுப் பால்நிறமாகத் தெரியும், எதையும் கக்காது, விழுந்தாலும் உடையாது. பளிங்குபோலத் தெளிவாக இருந்து இலக்கம் 6 என்றால் பொலிஸ்ரைரீன். ஒருமுறை விழுந்தால் பிணைச்சல் போய்விடும், பூச்சி உருண்டை வைத்த அலுமாரியில் அந்த ஆவிக்கே இளகும். பாவித்த பெட்டியை மலிவாகத் தந்தாலும் வேண்டாம், ஈயத்தூள் ஒட்டியிருக்கும்.

இதன் பெரிய குறை மூடிக்கும் அறைத்தடுப்புக்கும் இடையிலான இடைவெளி. படுக்க வைத்தால் தெரியாது, நிமிர்த்திய உடனே ஒரு அறைத் தோடு அடுத்த அறைக்குப் போய்விடும். வாங்கியதும் ஒரு அறையில் பத்துப் பயறும் இன்னொன்றில் கொஞ்சம் கடுகும் போட்டு மூடி, கவிழ்த்துக் குலுக்கிப் பாருங்கள். பயறு தாண்டினால் சுரையும் தாண்டும், அந்தப் பெட்டியைத் திருப்பிக் கொடுங்கள். கடுகு மட்டும் தாண்டினால் தோடு, மோதிரம், மூக்குத்திக்குப் பிரச்சினை இல்லை. மெல்லிய சங்கிலி மட்டும் அந்த இடைவெளியால் நுழையும். இலத்திரனியல் சாமான் சுற்றி வரும் வெள்ளை போம் தாளை மூடியின் உள்ளளவுக்கு வெட்டிப் போட்டால் இடைவெளி அடைபடும். றப்பர் தாளும் கம்பளித் துணியும் வேண்டாம், இரண்டிலும் கந்தகம் உண்டு. அதே காரணத்துக்காகக் கொலுசுச் சோடியை றப்பர் வளையம் போட்டுக் கட்டும் பழக்கத்தையும் விடவேண்டும்.

கழற்றி மாற்றக்கூடிய தடுப்புகள் இருப்பது நல்லது. ஒரு தோட்டுச் சோடிக்கு ஓர் அறை, சுரையைத் திருகிப் பூட்டியே வைக்க வேண்டும். நீலக்கல், சிவப்புக்கல், வைரம் வைத்தவற்றை வெறும் பவுணோடு ஒரே அறையில் போடாதீர்கள். கடினத்தில் நீலமும் சிவப்பும் 9, வைரம் 10, தங்கம் 3க்கும் குறைவு. கீறு விழுவது எதில் என்று சொல்லத் தேவையில்லை. காப்பும் உயரமான அட்டியலும் இந்த ஆழத்துக்குள் அடங்காது. பழைய பருத்தி வேட்டியைக் கஞ்சி போகத் துவைத்து, குழாய்போலத் தைத்து அதற்குள் காப்புகளை வரிசையாக விட்டுச் சுருட்டினால் சத்தமில்லாமல், உரசாமல் இருக்கும்.

தூண்டில் பெட்டி காற்றுப் புகாத பெட்டி அல்ல. அந்தக் குறையைச் சிப் பை நிரப்புகிறது, வெள்ளிக்கு அது கட்டாயம். ஒரு நகைக்கு ஒரு பொலித்தீன் பை, காற்றை அமுக்கி வெளியேற்றி இறுக்கி மூடுங்கள். மெல்லிய தங்கச் சங்கிலிக்கு வேறு முறை: கொக்கியையும் ஒரு சென்ரிமீற்றர் சங்கிலியையும் வெளியே விட்டு மூடினால் சிக்காது. ஈரம் உறிஞ்ச 5 கிராம் சிலிக்கா ஜெல் பைக்கற் இரண்டு ஒரு பெட்டிக்குப் போதும். நிறம் மாறும் மணியாக வாங்கினால் செம்மஞ்சள் பச்சையானதும் தெரிந்துவிடும். மணிகளைத் தட்டில் கொட்டி 120 பாகையில் இரண்டு மணி நேரம் ஓவனில் வைத்தால் மீண்டும் பாவிக்கலாம். ஒக்ரோபர் முதல் ஜனவரி வரை இரண்டு மூன்று கிழமைக்கு ஒருமுறை பாருங்கள்.

முத்துக்கு இவை ஒன்றும் ஆகாது. முத்துக்குக் கொஞ்சம் ஈரம் வேண்டும். சிலிக்கா ஜெல்லோடு அடைத்தால் காய்ந்து வெடிப்பு விழலாம். மெல்லிய பருத்தித் துணியில் சுற்றிப் படுக்கையாக வையுங்கள், தொங்கவிட்டால் பட்டு நூல் தொய்யும். நகைக்கடை ரோஸ் தாளில் சுற்றி வைக்காதீர்கள், ஈரம் பட்டால் சாயம் ஏறும்.

எதையும் அழுக்கோடு பெட்டிக்குள் வைக்கக் கூடாது. வெறும் பவுண் நகைக்கு ஒரு கோப்பை இளஞ்சூட்டு நீரில் இரண்டு துளி பாத்திரம் கழுவும் திரவம், பத்து நிமிடம் ஊறல், மென்மையான தூரிகை, தேயிலை வடியில் வைத்து அலசல், ஒரு நாள் காயவிடல். நிலாவெளியிலோ உப்புவெளியிலோ கடலில் குளித்து வந்த நகைக்கு இது அன்றைக்கே வேண்டும், கொக்கிக்குள் மணல் இருந்தால் வில் தேயும். அரக்கு அடைத்த அட்டியலை ஊறவைத்தால் கல் ஆடும், ஈரத்துணியால் துடைப்பது மட்டுமே. கறுத்த வெள்ளிக்கு, கிண்ணத்தில் அலுமினியத் தாள் விரித்து, ஒரு கோப்பை சுடுநீருக்கு ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடா கலந்து, நகை தாளில் முட்டும்படி சில நிமிடம் விடுங்கள். வேலைப்பாட்டுக்காகக் கறுப்பேற்றிய வெள்ளியை இதில் போட்டால் அந்தக் கறுப்பும் போய்விடும்.

தூண்டில் பெட்டிக்குப் பூட்டு இல்லை. அன்றாடம் போடுவதை மட்டும் அதில் வைத்து அலுமாரியின் மேல்தட்டிலுள்ள பூட்டு லாச்சிக்குள், கடற்பக்கச் சுவரில் முட்டாமல் வையுங்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியைக் கண்ட கரையில் பெட்டியும் கொப்பியும் ஒரு கையில் தூக்கக்கூடியதாக, ஒரே இடத்தில் இருக்க வேண்டும். தாலிக்கொடி தவிர்ந்த பெரிய உருப்படிகள் வங்கிப் பெட்டகத்துக்கு. அங்கேயும் ஈரம் உண்டு, ஆகவே சிப் பையும் ஜெல் பைக்கற்றும் கூடவே போகட்டும்.