பாடாங் செராய் ரோபோட்டிக் கிளாஸ்: மூனு பிள்ளைக்கு ஒரு போர்டு

எங்க ஊரு கெடாவுல இருக்குற பாடாங் செராய், மக இடைநிலைப்பள்ளியில படிவம் ரெண்டு. கடைவீதியில மாடி மேல நடக்குற சனிக்கெழம ரோபோட்டிக் கிளாஸுக்கு மூனு மாசமா அனுப்புறேன், வாட்சப்ல ஆளாளுக்கு கேக்குறதால எழுதுறேன், செண்டர் பேரு வேணாம்.

மாசம் 80 வெள்ளி (ரிங்கிட்). பினாங்குல விசாரிச்சப்ப ரெண்டு மடங்கு சொன்னாங்க, பாலத்த தாண்டி போயி வர எண்ணெ காசு வேற.

மாஸ்டர் தங்கம். முன்ன பினாங்கு பாயான் லெப்பாஸ் பேக்டரி ஏரியாவுல டெக்னிஷனா இருந்தவராம். மொத வாரம் எல்ஈடி, அதான் ரெண்டு கால் வச்ச குட்டி லைட்டு, எரியலனு மக அழுவாத கொறயா நிக்கிறா, மனுஷன் தே ஓ குடிச்சிக்கிட்டே பாத்துக்கிட்டு இருக்காரு, கடைசியில இவளே நீட்டு கால் எது குட்ட கால் எதுனு பாத்து திருப்பி சொருகுனா, எரிஞ்சிருச்சு. இன்னொரு நாள் அல்ட்ராசோனிக் சென்சார், ரெண்டு கண்ணு மாதிரி இருக்குமே அது, 20 சென்டிமீட்டர்ல புஸ்தகத்த நிறுத்துனா 40னு காட்டுது. சத்தம் போயி முட்டி திரும்பி வர்ற நேரத்தத்தான் அது அளக்குது, அதனால ரெண்டால வகுக்கணும்னு பிள்ளைங்களே கண்டுபுடிக்க ஒரு மணி நேரம் ஆச்சு, அதுவரைக்கும் அவரு வாயத் தொறக்கல. ராத்திரி மக எனக்கு படம் போட்டு வெளக்குனா. 19 வருஷமா பேக்டரி பஸ் ஏறி மெசின் பட்டன அழுத்துறேன், உள்ள என்ன நடக்குதுனு யாரும் சொன்னதில்ல, நானும் கேட்டதில்ல.

கோவம் செண்டர் மேலதான். மூனு பேருக்கு ஒரு ஆர்டுயினோ போர்டு, லைட்டு சென்சாரெல்லாம் சொருகி லேப்டாப்ல எழுதுற புரோகிராம ஏத்தி ஓட்டுற குட்டி கம்ப்யூட்டர் அட்ட அது. கெட்டிக்காரப் பையன் லேப்டாப்ப புடிச்சிக்கிட்டான்னா மத்ததுங்க வேடிக்க, என் மக நாலு வாரம் வயர் எடுத்துக் குடுத்தது தான் மிச்சம். கேட்டா "ஆள் கூடிப்போச்சுண்ணே, அடுத்த மாசம் வரும்லா"ங்குறாங்க. சர்டிபிகேட்டுக்கு மட்டும் தனியா 50 வெள்ளி, போட்டோ புடிக்க தனி ஆளு!

சிப்பு செய்யுற இன்டெல் கம்பெனி 1972லயே பினாங்குக்கு வந்தாச்சு, பேக்டரிங்க இருக்குற கூலிம் ஹைடெக் பார்க் நம்ம ஊர்லேந்து மோட்டார்ல போற தூரம். 2024ல அரசாங்கம் செமிகண்டக்டர் (சிப்பு) திட்டம் அறிவிச்சப்ப 60,000 எஞ்சினியர உருவாக்கப்போறோம்னாங்க. நூத்துக்கு 60 பிள்ளைங்க சயன்ஸ் பக்கம் வரணும்ங்கற பேச்சு 1970கள்லேந்தே இருக்கு, இன்னும் எட்டல. எப்படி எட்டும், படிவம் நாலுல பிசிக்ஸ் எடுக்கவானு பிள்ள கேட்டா "கஷ்டம்டி, அக்கவுண்ட்ஸ் எடு"னு நம்ம வாயிலதான மொதல்ல வருது. போன வருஷம் கேட்டிருந்தா நானும் அதத்தான் சொல்லியிருப்பேன்.

அஞ்சுக்கு மூனு ஸ்டார், மூனும் மாஸ்டருக்கு. சேக்குறதுக்கு முன்ன எத்தன போர்டு இருக்குனு எண்ணிப் பாத்துட்டு காசு கட்டுங்க. நான் பொறுக்கமாட்டாம ஆன்லைன்ல ஒரு டூப்ளிகேட் போர்டும் சென்சாரும் வாங்கிக் குடுத்துட்டேன். இப்ப அது வீட்டு தண்ணி டேங்க் மூடிக்குக் கீழ ஒட்டியிருக்கு, தண்ணி எறங்குனா பீப் அடிக்கும். விடிகால 3 மணிக்கும் அடிக்குது, பாட்டி ரெண்டு நாளா யாருகிட்டயும் பேசல.