ஈக்கோ வேன் ஏ.சி. கண்டென்சர்: வெல்டிங்கா, பழையதா, கடைப் புதுசா, கம்பெனி பாகமா?

போன வருடம் கத்திரி வெயில் தொடங்கிய வாரத்தில் எங்கள் மாருதி ஈக்கோ வேனில் ஏ.சி. கூலிங் நின்றது. தூத்துக்குடிக்கும் திருச்செந்தூருக்கும் நடுவே தினமும் ஆள் ஏற்றி ஓடுகிற வண்டி அது, உப்பளக் காற்றிலேயே வளர்ந்தது என்று சொல்லலாம். மெக்கானிக் கேஜ் (கேஸின் அழுத்தத்தை முள்ளில் காட்டும் கருவி) மாட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, கேஸ் கம்மியா இருக்கு, அடிச்சு விட்டா சரியாயிரும்" என்றார். அடித்தோம், ஒன்றரை மாதம் வந்தது. மறுபடி அடித்தோம், மூன்று வாரம். மூன்றாவது முறை பத்து நாள்தான். ஒவ்வொரு முறையும் 1,500 ரூபாய். அந்தப் பணத்துக்குக் கடையில் ஒரு புதுக் கண்டென்சரே (கேஸின் சூட்டை வெளியே தள்ளும் பாகம்) கிடைத்திருக்கும் என்று பிற்பாடு விலை கேட்டபோதுதான் தெரிந்தது. அதனால் இருக்கிற எல்லா வழிகளையும் விசாரித்து, இரண்டை எங்கள் வண்டியிலேயே செய்து பார்த்து, தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. ஏ.சி. கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடச் செலவாகிற பொருள் இல்லை, மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. ரப்பர் ஹோஸ் வழியாக வருடக்கணக்கில் கொஞ்சம் கசியும், அது உண்மை. ஆனால் மூன்று வாரத்தில் காலியானால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையைத் தேடாமல் கேஸ் மட்டும் போடச் சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள். ஏ.சி.யில் இருக்கும் இந்த ஆர்134ஏ என்ற கேஸ் வெளியே போனால் கார்பன் டை ஆக்சைடைப் போல சுமார் 1,430 மடங்கு பூமியின் வெப்பத்தைக் கூட்டக் கூடியது, ஆகவே இதில் நட்டம் நம் பையோடு நிற்பதில்லை.

அடுத்தது, கோளாறு கண்டென்சரில்தானா என்பது. இதில் அவசரப்பட்டுத்தான் பலர் நல்ல கண்டென்சரைக் கழற்றிப் போடுகிறார்கள். வண்டி ஓடும்போது கூலிங் வருகிறது, சிக்னலில் நின்றால் அனல் அடிக்கிறது என்றால் முதலில் முன்பக்க ஃபேன் ஓடுகிறதா என்று பாருங்கள், பிறகு கண்டென்சர் இடுக்குகளில் மண்ணும் பூச்சியும் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சின் ஓட, ஏ.சி. போட்ட நிலையில், கிரில் வழியாக ஒரு குடம் தண்ணீரை மெதுவாகக் கண்டென்சர் மேல் ஊற்றச் சொல்லுங்கள். கேஜில் ஹை சைடு (அழுத்தம் கூடிய பக்கம்) முள் மளமளவென்று இறங்கி உள்ளே கூலிங் திரும்பினால் கேஸ் போதுமான அளவு இருக்கிறது, சூட்டை வெளியே தள்ளத்தான் வழியில்லை என்று அர்த்தம். ஃபேன் மோட்டாரோ, சுத்தம் செய்வதோ போதும், புதுக் கண்டென்சர் வேண்டாம்.

கேஜில் பார்ப்பது இப்படி. 35 டிகிரி வெயிலில் நல்ல நிலையில் உள்ள ஆர்134ஏ அமைப்பு, ஓடும்போது லோ சைடில் (அழுத்தம் குறைந்த பக்கம்) 30 முதல் 45 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அளவு), ஹை சைடில் 200 முதல் 250 வரை காட்டும். இரண்டும் தாழ்ந்திருந்தால் கேஸ் குறைவு. இரண்டும் ஏறியிருந்தால் காற்றோட்டம் இல்லை, அல்லது கேஸ் அதிகம், அல்லது உள்ளே காற்று புகுந்திருக்கிறது. எஞ்சின் நின்றிருக்கும்போது பார்த்துவிட்டு, "முள் நல்லா இருக்கே, கேஸ் ஃபுல்லு" என்று ஒருவர் எங்களிடம் சொன்னார். அது தவறு. 30 டிகிரி வெப்பத்தில் உள்ளே கொஞ்சம் திரவக் கேஸ் இருந்தாலே முள் 97 பிஎஸ்ஐ பக்கம் நிற்கும், பாதி அளவு இருந்தாலும் அங்கேதான் நிற்கும். அந்த எண்ணிலிருந்து இறங்கி 50, 40 என்று காட்டினால்தான் கேஸ் கிட்டத்தட்டக் காலி என்று உறுதியாகச் சொல்ல முடியும்.

லீக் தேடுவதற்கு முன் கண்ணால் பாருங்கள். கேஸோடு, அதை அழுத்தித் தள்ளும் கம்ப்ரஸரின் ஆயிலும் சேர்ந்து சுற்றுவதால், ஓட்டை உள்ள இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்து அதன் மேல் தூசி ஒட்டியிருக்கும். எங்கள் வண்டியில் பம்பரைக் கழற்றியதும் கண்டென்சரின் கீழ் மூலையில் அது பளிச்சென்று தெரிந்தது. பக்கத்திலேயே ஃபின்கள் (குழாய்களுக்கு நடுவே உள்ள மெல்லிய தகடுகள்) வெள்ளைப் பொடியாக உதிர்ந்து கிடந்தன, உப்புக் காற்று அலுமினியத்தைத் தின்ற அடையாளம். அப்புறம் சோப்பு நுரை, சாய ஆயில், சென்சார் கருவி, நைட்ரஜன் என்று நான்கு முறைகள் இருக்கின்றன. சோப்பு நுரை காசில்லாதது, ஆனால் ஊசிமுனை ஓட்டைக்கு ஏமாற்றும். சாயம் போட்டு ஊதா விளக்கில் பார்ப்பது நல்ல முறை, ஓரிரு நாள் வண்டி ஓட வேண்டும். சென்சார் கருவி காற்றடிக்கும் வெளியிடத்தில் நம்பக்கூடியதாக இல்லை, கடற்கரை ஊரில் அது பெரிய குறை. நான் வைத்திருக்கும் மதிப்பெண்ணில் நைட்ரஜனுக்குத்தான் முதலிடம். கண்டென்சரைக் கழற்றி, இரண்டு வாயையும் அடைத்து, 200 பிஎஸ்ஐ அளவில் நைட்ரஜன் ஏற்றித் தண்ணீர்த் தொட்டியில் முக்கினால் குமிழி பொய் சொல்லாது. நைட்ரஜன் சிலிண்டர் இல்லை என்று ஆக்சிஜனை மாட்ட யாராவது வந்தால் உடனே தடுத்துவிடுங்கள், உள்ளே இருக்கும் ஆயிலோடு ஆக்சிஜன் அழுத்தமாகச் சேர்ந்தால் வெடிக்கும்.

"வேக்கம் போட்டுப் பார்த்தேன், நின்னுச்சு, லீக் இல்லை" என்பதையும் முழுதாக நம்ப வேண்டாம். வேக்கம், அதாவது பம்ப் வைத்து உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுப்பது, தருவது வெளிக்காற்றின் அழுத்தமான 15 பிஎஸ்ஐ வித்தியாசம் மட்டும்தான். ஓடும்போது கண்டென்சர் தாங்குவதோ 250. நிற்கிற தண்ணீரில் ஒழுகாத குழாய் மோட்டார் போட்டதும் ஒழுகுவதை நாம் பார்த்ததில்லையா, அதுபோலத்தான்.

ஓட்டை உறுதியானது. இனி எதைச் செய்வது?

நாங்கள் முதலில் போனது ஆர்கன் வெல்டிங்குக்கு. 600 ரூபாய், ஒரு மணி நேரத்தில் முடிந்தது. ஆனால் இதில் இடம் பார்க்க வேண்டும். ஓட்டை பைப் சேரும் தடித்த முனையிலோ, ஓரத்துத் தூண் குழாயிலோ இருந்தால் வெல்டிங் பல வருடம் நிற்கும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. நடுவில் ஓடும் தட்டைக் குழாயில் இருந்தால் கதை வேறு. அதன் சுவர் அவ்வளவு மெலிசு, சூடு பட்டதும் பக்கத்துக் குழாயும் இளகும், வெல்டிங் உருகி உள் துளைகளையும் அடைக்கும். எங்களுக்கு உப்பு அரித்த இடம் என்பதால் ஒட்டிய இடம் நின்றது, நான்கு விரற்கடை தள்ளிப் புது ஓட்டை வந்தது. அரிப்பு ஒரு புள்ளியில் நிற்பதில்லை. கல் பட்டு ஒரே இடத்தில் துளை விழுந்தவர்களுக்கு வெல்டிங் பரவாயில்லை, கடலோர வண்டிக்கு வேண்டாம்.

லீக்கை அடைக்கும் திரவ டப்பாவைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. ஈரம் பட்டால் இறுகும் பொருள் அது, கேஸ் பாய்வதைக் கட்டுப்படுத்தும் எக்ஸ்பான்ஷன் வால்வில் போய் இறுகினால் செலவு இன்னும் இரண்டு பாகத்துக்குப் போகும்.

பழைய பாகம். சென்னை புதுப்பேட்டை மாதிரி இடங்களில் மோதிய வண்டியிலிருந்து கழற்றிய ஒரிஜினல் கண்டென்சர் மலிவாகக் கிடைக்கும், கம்பெனித் தயாரிப்பு என்பதால் தரம் நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் வாய் திறந்தபடி எத்தனை நாள் கிடந்தது என்று யாருக்கும் தெரியாது. உள்ளே ஈரமும் தூசியும் புகுந்திருக்கும். டிரையர் கண்டென்சரோடு சேர்ந்தே வருகிற மாடலானால், அந்த டிரையருக்குள் இருக்கும் ஈரம் உறிஞ்சும் மணிகள் ஏற்கெனவே நிறைந்து போயிருக்கும். இன்னொரு ஆபத்தும் உண்டு. அந்த வண்டியில் கம்ப்ரஸர் பொடியாகிப் போயிருந்தால் உலோகத் துகள் முழுக்கக் கண்டென்சருக்குள் தங்கியிருக்கும், ஒரு மில்லிமீட்டர் அளவுத் துளைகளுக்குள் சிக்கியதைக் கழுவி எடுக்க முடியாது. உங்கள் வண்டியிலேயே கம்ப்ரஸர் அப்படிப் போயிருந்தாலும் இதே காரணத்துக்காகக் கண்டென்சரையும் மாற்றியே ஆக வேண்டும். மலிவு பார்த்துப் பழையதை வாங்காதீர்கள், அதற்கு வெல்டிங்கே மேல்.

மிஞ்சுவது இரண்டு: கடையில் கிடைக்கும் புதுசு, கம்பெனி கவுன்டரில் வாங்கும் ஒரிஜினல். எங்களுக்குச் சொன்ன விலையில் ஒரிஜினல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. மாருதிக்கு ஏ.சி. பாகங்கள் செய்து தருகிற சுப்ரோஸ் போன்ற தயாரிப்பாளரின் பெயரிலேயே வெளிச்சந்தையில் பாகம் கிடைத்தால் அது நல்ல நடுவழி. பெயரில்லாத அட்டைப்பெட்டியில் வருவதை வாங்குவதானால், பழைய கண்டென்சரைக் கடைக்கே கொண்டு போய் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். குழாய் வரிசைகளை எண்ணுங்கள். தடிமனை அளந்து பாருங்கள். ஃபின் நெருக்கம் ஒன்றாக இருக்கிறதா, பைப் வாயின் கோணம் ஒன்றாக இருக்கிறதா, பிராக்கெட் துளை பொருந்துகிறதா என்று பாருங்கள். நான் பார்த்த மலிவுச் சரக்கில் இரண்டு வரிசை குறைவு, துளையும் சில மில்லிமீட்டர் தள்ளி இருந்தது. அதைப் பைப்பை வளைத்து மாட்டிவிடலாம் என்றார்கள். வளைத்து இழுத்து மாட்டிய பைப்பில் ஓ ரிங் (இணைப்பை அடைக்கும் ரப்பர் வளையம்) நேராக உட்காராது, வண்டி அதிர அதிர அங்கே லீக் தொடங்கும். வாயில் இறுக்கமான மூடி போட்டிருக்க வேண்டும், கழற்றும்போது 'புஸ்' என்று அடைத்த வாயு வெளியேறினால் இன்னும் நல்லது.

வருடத்துக்குச் சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடும் வீட்டு வண்டிக்கு அந்த நடுவழிப் பாகம் தாராளமாகப் போதும். எங்கள் வேன் போல நாள் முழுக்க ஏ.சி. ஓடுகிற, வயதானவர்களும் குழந்தைகளும் ஏறுகிற வண்டிக்கு நான் ஒரிஜினலைத்தான் எடுத்தேன், வண்டி ஒரு நாள் நின்றால் போகிற வருமானமே அந்த விலை வித்தியாசத்தில் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும்.

எதை வாங்கினாலும் மாட்டுவதில் கோட்டை விட்டால் எல்லாம் ஒன்றுதான். டிரையரைக் கண்டிப்பாக மாற்றச் சொல்லுங்கள், "அது நல்லாதான் இருக்கு" என்ற பேச்சை ஏற்காதீர்கள், குழாய் திறந்த நேரத்திலேயே அது காற்றின் ஈரத்தைக் குடித்திருக்கும். ஓ ரிங்குகள் புதிதாக, ஏ.சி. ஆயில் தடவி மாட்ட வேண்டும். பழைய கண்டென்சரோடு போன ஆயிலை ஈடுகட்டப் புதியதில் ஆயில் ஊற்ற வேண்டும், சிறிய வண்டிகளில் பெரும்பாலும் 20 முதல் 40 மில்லிக்குள், கம்ப்ரஸருக்குச் சொன்ன அதே வகை ஆயில். வேக்கம் குறைந்தது அரை மணி நேரம், மழைக்காலத்தில் ஒரு மணி நேரம். ஐந்து நிமிடத்தில் பம்ப்பை நிறுத்தினால் உள்ளே ஈரம் தங்கி ஆயிலோடு சேர்ந்து அமிலமாகும், புதுக் கண்டென்சரையே உள்ளிருந்து அரிக்கும். கேஸை முள் பார்த்து ஏற்றாமல், வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள கிராம் கணக்குக்குத் தராசில் வைத்து ஏற்றச் சொல்லுங்கள். சமையல் கேஸ் கலந்த மலிவுக் கேஸும் சந்தையில் உண்டு, ஈக்கோவில் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது, தீப்பிடிக்கிற வாயுவை அங்கே ஓட விடக் கூடாது. சீல் உடைக்காத டப்பா உங்கள் கண் முன்னால் திறக்கப்படட்டும்.

எங்கள் வண்டியில் கண்டென்சர் மாற்றி ஒரு முழு வருடம் ஆகிறது, ஒருமுறை கூடக் கேஸ் தொடவில்லை. வாரம் ஒருநாள் கிரில் வழியாக நல்ல தண்ணீரைக் குழாயில் மெல்ல விட்டு உப்பைக் கழுவுகிறோம், வாட்டர் சர்வீஸ் கடையில் கன்னை நேராக அதில் பிடிக்க விடுவதில்லை, ஃபின் மடங்கிவிடும்.